அவர்களுடைய பெண்கள் அணி எங்கே?

2023 ஒக்டோபர் 30ஆந் திகதியை எமது இல்லத்தார் எளிதில் மறக்கமாட்டார்கள். அன்று பூனே நகரிலே நடைபெற்ற உலகக்கிண்ணக் கிரிக்கெட் போட்டியில் ஆப்கானிஸ்தான் எமது நாட்டு அணியை ஏழு விக்கெட்டுகளால் வென்றது. தொலைக்காட்சியின் முன்னே நாமெல்லாரும் முகம் வாடி அமர்ந்திருந்த வேளையில், எமது பெறாமகள் கேட்டாள்: "பெரியப்பா, இவர்களுடைய பெண்கள் அணி எப்போது விளையாடும்?"

அவள் தனது பாடசாலை அணியிலே பந்து வீசுபவள். அவளுக்கு அது இயல்பாக எழுந்த வினா. எமக்கோ விடை கூற நாவெழவில்லை.

2020 நவம்பரில் ஆப்கான் கிரிக்கெட் சபை இருபத்தைந்து வீராங்கனைகளை ஒப்பந்தஞ் செய்தது. அடுத்த ஆண்டு ஓகஸ்டில் தாலிபான்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். பெண்களுக்கு விளையாட்டும் போயிற்று. ஆறாம் வகுப்பிற்கு மேற்பட்ட கல்வியும் போயிற்று. அவ்வீராங்கனைகளிற் பெரும்பாலோர் அவுஸ்திரேலியாவிற் புகலடைந்தனர்.

இதனைக் கூறி முடித்ததும், "ஆடவர் அணியையும் ஒதுக்கி வைத்தாலன்றி அவர்களுக்குப் புத்தி வராது" என்று ஆவேசமாய் மொழிந்தோம். அந்த ஆவேசத்திலே தோல்வியின் கசப்பும் சிறிது கலந்திருந்ததென்பதை இன்று ஒப்புக்கொள்கிறோம்.

அன்று எமக்குத் துணை நின்ற சான்று தென்னாபிரிக்கா. நிறவெறியின் பொருட்டு அந்நாடு 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்கினின்றும் விலக்கப்பட்டது. 1970 முதல் சர்வதேசக் கிரிக்கெட்டும் அதற்கு அடைபட்டது. 1982இல் அங்கு சென்று ஆடிய இலங்கை வீரர்களுக்கு எமது சபையே இருபத்தைந்து ஆண்டுத் தடை விதித்தது. ஆயினும் ஒன்றை நாம் மறந்திருந்தோம். தென்னாபிரிக்காவிலே விளையாட்டிற் பெருவிருப்புக் கொண்ட வெள்ளையரின் கையில் வாக்குச்சீட்டு இருந்தது. 1992 மார்ச்சில் அவர்கள் சீர்திருத்தத்திற்கு இசைந்து வாக்களித்தபோது, மீண்டுந் தனிமைப்பட நேருமோ என்ற அச்சமும் உடனிருந்தது. காபூலில் ஆள்வோர் எவர் வாக்கையும் நாடி நிற்பவரல்லர்.

வாக்கின் வலிமை இல்லாவிடத்தும் நெருக்குதல் சிறிது பயன் தருவதுண்டு. ஈரானிலே ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆடவரின் உதைபந்தாட்டத்தைக் காண மாதர்க்கு அரங்கின் வாயில் அடைபட்டிருந்தது. ஆண் வேடந் தரித்து நுழைய முயன்று, வழக்கிற் சிக்கிய இளம்பெண் ஒருத்தி 2019 செப்டெம்பரில் தீக்குளித்து மாண்டாள். உலக உதைபந்தாட்டச் சம்மேளனம் நெருக்கியது. அடுத்த மாதமே தெஹ்ரான் அரங்கிலே சில ஆயிரம் மாதர் அமர்ந்து கம்போடியாவுடனான ஆட்டத்தைக் கண்டனர். கேட்டது தெளிவான ஒன்று. ஆகவே அவ்வளவேனுங் கிடைத்தது. வாயிலோ முழுவதுந் திறந்துவிடவில்லை.

அவுஸ்திரேலியா ஆப்கான் ஆடவருடன் தனித்தொடர் ஆட மறுத்தது; உலகக்கிண்ணத்திலோ அவர்களோடு ஆடியது. இத்தகைய அரைத்தடையினால் எந்தப் பெண்ணின் கையிற் துடுப்பு வந்து சேர்ந்தது?

எமது எண்ணத்தை மாற்றியவர்கள் அந்த வீராங்கனைகளே. 2024 ஜூலையில் அவர்கள் சர்வதேசக் கிரிக்கெட் சபைக்கு ஒரு மடல் வரைந்தனர். அதிலே ஆடவர் அணியைத் தண்டிக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. அதன் வெற்றிகளைப் பாராட்டினர். தமக்கு அவுஸ்திரேலியாவிலே அகதிகள் அணியொன்று அமைக்கத் துணை செய்யுமாறே வேண்டினர். காயம்பட்டவளிடம் மருந்து யாதென்று கேளாமல், நாமே தீர்ப்பெழுதிவிட்டோமே என்று வெட்கினோம்.

தடை வேண்டவே வேண்டாம் என்பது எமது கருத்தன்று. அநீதியிழைக்கப்பட்டவர் அதனைக் கேட்கும்போதும், ஆள்வோருக்கு அது உறைக்கும்போதும் அது நல்ல கருவியே. ஆனால் ஒரு வாயிலை அடைப்பவர், யார் பொருட்டு அடைக்கிறாரோ அவர்க்கு வேறொரு வாயிலைத் திறந்துவிடக் கடமைப்பட்டவர்.

2025 ஜனவரி 30ஆந் திகதி மெல்பேர்ணிலே அவ்வீராங்கனைகள் ஓரணியாய்க் களமிறங்கினர். தம் நாட்டு அணியென்ற அங்கீகாரம் அவர்களுக்கு அன்று இருக்கவில்லை. படத்தைப் பெறாமகளிடங் காட்டினோம். நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, "இனி இவர்கள் யாரோடு விளையாடுவார்கள், பெரியப்பா?" என்றாள்.

அந்த வினாவுக்கு விடை கூற வேண்டியவர்கள், கிரிக்கெட் சபைகளிலே அமர்ந்திருக்கும் பெரியோரேயாவர்.