எந்த ரெசின் நல்லது? கொழிஞ்சாம்பாறையிலும் மூணாறிலும் கேட்டவை

வீட்டுக்கு நாமே ஒரு மேசை செய்துகொள்ளலாம் என்று பலகையை வாங்கி வைத்தவர்கள் அடுத்துக் கேட்பது ஒரே கேள்விதான்: வெடிப்பில் ஊற்ற எந்தக் கம்பெனி ரெசின் நல்லது? கடை அலமாரியில் டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன. கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், குமிழ் வராது, மஞ்சளாகாது என்று எல்லா டப்பாவும் ஒரே மூன்று வாக்கைக் கொடுக்கிறது. விலை மட்டும்தான் வேறு. ரெசினை ஊற்றிப் பிழைக்கிறவர்களிடமே இந்தக் கேள்வியைக் கேட்டுவிடலாம் என்று பாலக்காட்டின் கிழக்கு எல்லைக்கும், பிறகு இடுக்கி மலைக்கும் போனேன்.

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறு போக, கேரளத்தை விட்டு வெளியேறி, பொள்ளாச்சி, உடுமலை வழியாகத் தமிழ்நாட்டைக் கடந்து, சின்னாறு சோதனைச் சாவடியில் மறுபடி கேரளத்துக்குள் நுழைந்து, மறையூர்ச் சந்தனக் காட்டை ஒட்டி மேலே ஏற வேண்டும். இரு முனையிலும் பட்டறைப் பேச்சு தமிழ்தான். வானிலைதான் நேர் எதிர். கொழிஞ்சாம்பாறை பாலக்காட்டுக் கணவாய்க் காற்றின் நேர் வழியில் இருக்கும் மழை குறைந்த நிலம். பாலக்காட்டில் கோடையில் 40 டிகிரியைத் தாண்டுவது இப்போது அதிசயமில்லை. மூணாறு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இடவப்பாதியில் தொடங்கும் மழை அங்கே மாதக்கணக்கில் விடாது. தை மாதக் காலைகளில் புல் மேல் உறைபனி படியும்.

கொழிஞ்சாம்பாறைப் பட்டறை ஓட்டுக் கூரையும் மூன்று பக்கத் திறப்புமாக இருந்தது. பலா, புளி, மா என்று பலகைகளை இடையிடையே குறுக்குச் சட்டம் வைத்து அடுக்கிக் காயவிட்டிருந்தார்கள். இதே பலா மரத்தைக் குடைந்துதான் பக்கத்துப் பெருவெம்பில் மத்தளமும் மிருதங்கமும் செய்கிறார்கள். பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு. இங்கே வருவது வெடித்த பலாவும் கணு விழுந்த புளியும். “முன்னெல்லாம் வெடிச்ச பலகைய வெறகுக்குத்தான் கேப்பாங்க. இப்ப வெடிப்பு இருந்தாத்தான் வெல” என்றார் மூத்த ஆசாரி.

கம்பெனியைப் பற்றிக் கேட்டேன். “பேரெல்லாம் அப்புறம் பாக்கலாங்க தம்பி. நீங்க எந்த மாசத்துல ஊத்தப் போறீங்க, அதச் சொல்லுங்க மொதல்ல” என்றார்.

இப்படி ஊற்றும் ரெசின் எப்பாக்ஸி வகை; அவர் கேட்டதில் அதன் வேதியியலின் பாதி அடங்கியிருக்கிறது. ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்தவுடன் வினை தொடங்கி வெப்பம் பிறக்கிறது. அந்த வெப்பம் வினையை இன்னும் விரட்டுகிறது. சுற்றுச்சூடு பத்து டிகிரி ஏறினால் கலவையைக் கையாளக் கிடைக்கும் நேரம் ஏறக்குறையப் பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரம் பெரும்பாலும் 25 டிகிரிக்கு உரியது. அங்கே 30 நிமிடம் என்று போட்டிருந்தால் பங்குனி மதியக் கொழிஞ்சாம்பாறையில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கிடைக்கலாம். கலந்ததை அப்படியே குவளையில் வைத்துவிட்டால் அதுவும் கிடைக்காது: நடுவில் சூடு தேங்கிப் புகையும், குவளையே இளகும். அதனால்தான் இந்தப் பட்டறையில் கோடையில் ரெசின் வேலை விடியற்காலையில் நடக்கிறது. கலந்தவுடன் அகலமான தட்டில் பரப்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் ஊற்றி முடித்து, சாக்குத் துணியைத் தொங்கவிட்டு நிழல் கட்டிவிடுகிறார்கள்.

இரண்டாவது விஷயம் தராசு. கேரளத் தச்சர்களின் கோலுக்கு 24 விரல். நீளத்தில் நூல் பிசகாத கை அது. ஆனால் பசையை நிறுத்துப் போடும் வழக்கம் மரவேலையில் என்றுமே இருந்ததில்லை. வச்சிரத்தைக் காய்ச்சிப் பதம் பார்த்துத் தடவினார்கள், ஃபெவிகால் வந்தபின் டப்பாவிலிருந்து எடுத்துத் தடவினார்கள். எப்பாக்ஸியில் பதம் பார்க்க இடமே இல்லை. குறைந்த ஹார்டனர் விட்டால் மெதுவாக இறுகும், கூட விட்டால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பது சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் பழகிய மனம். எப்பாக்ஸியில் ரெசினின் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஹார்டனரில் ஒரு துணை வேண்டும். துணை கிடைக்காமல் மிஞ்சியது எந்தப் பக்கமாக இருந்தாலும் பலகைக்குள் பிசுபிசுப்பாகவே தங்கிவிடும்.

இங்கேதான் ஒரு ரெசினுக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் உண்மையில் தெரிகிறது. தொழிற்சாலைகளிலும் கல்லூரி ஆய்வகங்களிலும் பழக்கமான லாபாக்ஸ் எல்-12 ரெசினுக்கு கே-6 ஹார்டனர் நூற்றுக்குப் பத்து பங்கு எடை. சின்ன வெடிப்புக்கு 50 கிராம் ரெசின் கலக்கிறீர்கள் என்றால் ஹார்டனர் 5 கிராம். சமையலறைத் தராசு ஒரு கிராம் பிசகினால் ஹார்டனரில் ஐந்தில் ஒரு பங்கு தவறிவிட்டது. தங்கம் நிறுப்பது போன்ற, ஒரு கிராமில் பத்தில் ஒன்றைக் காட்டும் சிறு தராசு இல்லாமல் இந்த வகையைத் தொடக்கூடாது. அரால்டைட் ஏ.டபிள்யூ. 106-க்கு ஹெச்.வி. 953 ஹார்டனரோ கன அளவில் ஒன்றுக்கு ஒன்று, எடையில் 100-க்கு 80. ஹார்டனர் எடை குறைந்த திரவம் என்பதால் இந்த வேறுபாடு. ஒன்றுக்கு ஒன்று என்று படித்துவிட்டுத் தராசில் வைப்பவர்கள் ஹார்டனரைக் கூட்டிப் போட்டுவிடுகிறார்கள். அளவில் சிறிது பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும் பசை அது. ஆனால் கெட்டியானது, மஞ்சள் சாயல் உள்ளது. இணைப்புகளை ஒட்டவே நல்லது, வெடிப்பில் ஊற்றுவதற்கில்லை. இரண்டுக்கு ஒன்று, மூன்றுக்கு ஒன்று என்று வரும் தெளிவான ரெசின்கள்தான் ஊற்றுவதற்கென்று வந்தவை. அவற்றிலும் மேற்பூச்சுக்கு ஒன்று, ஆழமாக ஊற்ற ஒன்று என்று இரண்டு குலம் உண்டு. மேற்பூச்சு ரெசினை இரண்டு அங்குல ஆழத்துக்கு ஒரே மூச்சில் ஊற்றினால் அது கொதித்து வெடிக்கும், யார் தயாரித்தது என்றெல்லாம் பார்க்காது.

பெயர்களை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் அவற்றின் குடும்ப வரலாற்றையும் தெரிந்துகொள்ளலாம். பற்கட்டுக்குப் பொருள் தேடிக்கொண்டிருந்த ஸ்விட்சர்லாந்து வேதியியலாளர் பியேர் காஸ்தானின் கண்டுபிடிப்பை உரிமம் பெற்று, சீபா நிறுவனம் 1946-இல் அரால்டைட் என்ற பெயரில் வெளியிட்டது. அதே சீபா, குஜராத்தின் அதுல் நிறுவனத்தோடு சேர்ந்து 1960-இல் சீபாதுல் என்ற கூட்டு நிறுவனத்தைத் தொடங்கியது. அந்த அதுலின் ரெசின்தான் இன்றைய லாபாக்ஸ். அரால்டைட் பல கை மாறி ஹன்ட்ஸ்மனிடம் போய், இந்தியாவில் அந்தத் தொழில் 2020-இல் ஃபெவிகால் செய்யும் பிடிலைட்டிடம் வந்து சேர்ந்தது. இந்த இரண்டு பெயருக்கும் மூதாதை ஒருவரே.

எனக்கு நம் சந்தையில் குறையாகப் படுவது வேறொன்று. அமெரிக்காவில் கோஜன் சகோதரர்கள் படகு கட்டுவதற்காக 1969-இல் தொடங்கிய வெஸ்ட் சிஸ்டத்தில் ரெசின் 105 என்ற ஒன்றுதான். அதற்கு ஹார்டனர்கள் பல: குளிருக்கு வேகமானது 205, சாதாரணச் சூட்டுக்கு 206, வெப்ப நாட்டுக்கு மிக மெதுவான 209. ஊரின் வெயிலைப் பார்த்து ஹார்டனரை மாற்றிக்கொள்ளலாம். இங்கே நான் பார்த்த கடைகளில் வீட்டு உபயோகப் பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரே ஹார்டனர். கொழிஞ்சாம்பாறைக்கும் மூணாறுக்கும் ஒரே பெட்டி போகிறது. கோடைக்கு ஒன்று, மழைக்கு ஒன்று என்று இரண்டு ஹார்டனர் தரும் கம்பெனி நாளை வந்தால், விலை கூடினாலும் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

ஆசாரி எல்லா வெடிப்பையும் நிரப்புவதில்லை. ஒரு புளியம்பலகையைத் திருப்பிக் காட்டினார். வெடிப்புக்குக் குறுக்கே உடுக்கை வடிவில் கட்டைகளை அறைந்து அது மேலும் ஓடாமல் நிறுத்தியிருந்தார்; வெடிப்பு திறந்தே இருந்தது. ஜார்ஜ் நகஷிமாவின் மேசைகள் நினைவுக்கு வந்தன. ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கரான அவர் 1930-களின் பிற்பகுதியில் புதுச்சேரியில் தங்கி, அரவிந்தர் ஆசிரமத்தின் கோல்கொண்டா கட்டடப் பணியை மேற்பார்த்தவர். பிற்காலத்தில் மரத்தின் வெடிப்பை மறைக்காமல் இப்படிக் கட்டை வைத்துத் தைத்ததே அவர் கையெழுத்தானது. இன்று கடைதோறும் நீல ரெசின் ஓடும் ‘நதி மேசை’ புகழ்பெறக் காரணமானவர்களில் ஒருவரான கிரெக் கிளாசனும் நதிக்கு ரெசின் ஊற்றவில்லை, கண்ணாடியை வெட்டிப் பொருத்தினார். ஒரு மீட்டர் நீளம், ஐந்து சென்டிமீட்டர் அகலம், நான்கு சென்டிமீட்டர் ஆழமுள்ள பிளவுக்கே இரண்டு லிட்டர், அதாவது இரண்டே கால் கிலோ அளவுக்கு ரெசின் வேண்டும். நல்ல பலகைக்கு நடுவே அவ்வளவு ரெசின் தேவையா என்று ஒரு முறை யோசிப்பது நல்லது என்பது என் எண்ணம்.

மூணாறுப் பட்டறையில் கதையே வேறு. வயதான தேயிலைச் செடிகளைப் பிடுங்கும்போது கிடைக்கும் வேர்களைக் கழுவிக் காயவைத்து மேசைக் காலாக்குகிறார்கள். மேலே நிழல்மரமான சில்வர் ஓக் பலகை. அதன் வெட்டுமுகத்தில் தெரியும் வலைப்பின்னல் ரேகை தேக்கில் கிடைக்காத அழகு. தேயிலை வேரின் இடுக்குகளில் மண்ணும் ஈரமும் எளிதில் போவதில்லை. ஈரம் 12 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ரெசின் மரத்தைச் சரியாகப் பிடிக்காது. மழைக்காலத்தில் திறந்த வெளியில் காய்ந்த மரம் அந்த அளவுக்கு இறங்குவதே இல்லை. “இங்க கர்க்கடகத்துல ஆர்டர் எடுத்தா சிங்கம் முடிஞ்சுதான் சார் குடுக்க முடியும். கோவிச்சுக்கிட்டுப் போறவங்க போகட்டும்” என்று மலையாள மாதக் கணக்கில் சொன்னார் பட்டறைக்காரர். அவருடைய தாத்தா தோட்டத்தில் கொழுந்து எடுக்கத் திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையேறியவர்.

குளிரில் ரெசின் கெட்டியாகிறது. மேலே வர முடியாமல் குமிழ்கள் உள்ளேயே நிற்கின்றன. சில டப்பாக்களில் அடியில் வெள்ளையாகப் படிகம் கட்டியிருந்தது. கெட்டுப்போனது என்று நினைத்துப் பலர் கொட்டிவிடுவார்களாம். மூடியைத் தளர்த்தி ஐம்பது டிகிரி வெந்நீரில் நிற்க வைத்து, தெளியும் வரை கிளறினால் பழைய நிலைக்கு வந்துவிடும். மஞ்சு இறங்கும் நாளில் இன்னொரு தொல்லை. ஹார்டனரில் இருக்கும் அமீன் காற்றின் ஈரத்தோடும் கரியமிலவாயுவோடும் சேர்ந்து மேலே மெழுகுப் படலமாகப் படிகிறது. உப்புத்தாள் போட்டால் அது தேய்ந்து மேலும் உள்ளே இறங்கும். முதலில் சோப்பு நீரால் கழுவித் துடைத்துக் காயவைத்து, அதன்பிறகே உப்புத்தாள். அந்தப் பட்டறையில் ரெசினுக்கென்று ஒரு சின்ன அறை இருக்கிறது. குண்டு பல்பு எரியவிட்டு அதை முந்திய நாளே சூடேற்றுகிறார்கள். மரமும் டப்பாவும் அங்கேயே இரவு தங்குகின்றன.

இந்த மலைகளுக்குப் பிசின் புதிதில்லை. கருங்குங்கிலிய மரம் இங்குள்ள பசுமைமாறாக் காடுகளில் வளர்கிறது. பழங்குடி மக்கள் அதன் பிசினைத் தலைமுறைகளாகச் சேகரித்து வருகிறார்கள். அந்தப் பிசினைத் தொட்டவர் கை கழுவினால் போதும்.

எப்பாக்ஸி அப்படியில்லை. இரண்டு பட்டறையிலும் நான் அதிகம் கவனித்தது விரல்களைத்தான். மூணாறில் உதவியாளர் ஒருவரின் விரலிடுக்குகள் சிவந்து, தோல் உரிந்து, வெடித்திருந்தன. இறுகாத ரெசினும் ஹார்டனரும் தோலில் மீண்டும் மீண்டும் படும்போது உடல் ஒருநாள் அதைப் பகையாக எடுத்துக்கொள்ளும். அந்த ஒவ்வாமை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பிறகு சிறு துளி பட்டாலும் அரிப்பும் கொப்புளமும் வரும், தொழிலையே விட வேண்டியிருக்கும். கையில் பட்டதைத் தின்னரால் துடைப்பது இரண்டு இடத்திலும் வழக்கம். அது தோலின் எண்ணெயைக் கரைத்து ரெசினுக்கு வழிவிடும். உலர்ந்த துணியால் துடைத்துவிட்டு சோப்பும் நீரும் போடுவதே சரி. மருத்துவமனையில் கிடைக்கும் லேடெக்ஸ் கையுறை போதாது, நைட்ரைல் கையுறை வேண்டும். முழுதாக இறுகாத பரப்பைத் தேய்க்கும் தூசியும் அதே கேட்டைச் செய்யும் என்பதால் முகமூடியும் வேண்டும். வீட்டில் ஒரே ஒரு மேசை செய்கிறவருக்கும் இதெல்லாம் பொருந்தும். ரெசினில் விலை குறைந்ததைத் தேடுங்கள், கையுறையில் தேடாதீர்கள்.

டப்பாவோடு வந்த எச்சரிக்கைத் தாள் ஆங்கிலத்தில், பொடி எழுத்தில் இருந்தது. அதை அட்டையில் தமிழில் எழுதிச் சுவரில் மாட்டலாமா என்று பட்டறைக்காரரிடம் கேட்டேன். எழுதியதைப் படித்துவிட்டு அவர் சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எனக்குத்தான் தமிழு. அந்தா உப்புத்தாள் போடுறானே, அவன் மலையாளம். ஊத்துற ரெண்டு பேரும் அஸ்ஸாம். படமாப் போட்டுக் குடுங்க.” கையுறை, முகமூடி, தின்னர் டப்பாவின் மேல் பெருக்கல் குறி, சோப்பு, குழாய் என்று ஐந்து படம் வரைந்து கொடுத்தேன். இந்த ஐந்தையும் ரெசின் கம்பெனிகள் டப்பாவின் மூடியிலேயே அச்சிட வேண்டும்.