மிச்சம் அரை மீட்டரா, மூன்றில் இரண்டு பங்கா?

ஜவுளிக்கடையில் ஒரு அக்கா, 6 மீட்டர் துணியில் எத்தனை ஜாக்கெட் பிட் வரும்னு கேட்டாங்க. ஒரு பிட்டுக்கு முக்கால் மீட்டர்.

"மூணு மீட்டருக்கு நாலு பிட்டு. அப்ப எட்டு வரும்கா."

கடைக்காரர் பேனாவைக்கூட எடுக்கவில்லை.

பள்ளியில் இதே கணக்கு 6 ÷ ¾. 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்பார்கள். ஏன்? 6 மீட்டரில் 24 கால் மீட்டர் இருக்கிறது. அதனால் 4ஆல் பெருக்கல். ஒரு பிட்டுக்கு மூன்று கால். அதனால் 3ஆல் வகுத்தல். விடை 8.

5 மீட்டர் என்றால்தான் சுவாரசியம். விடை 6⅔. ஆனால் ஆறு பிட் வெட்டியதும் மேசையில் மிஞ்சுவது அரை மீட்டர். இரண்டுமே சரிதான்! அரை என்பது மீட்டரில். மூன்றில் இரண்டு என்பது ஒரு பிட்டில். பிள்ளைகள் தடுமாறும் இடம் இதுதான்.

பெரியவர்களும் தடுமாறுகிறார்கள். 1¾ ÷ ½ என்பதற்கு ஒரு வாழ்க்கைக் கணக்கு சொல்லுங்கள் என்று ஆசிரியர்களிடம் கேட்டார் ஆய்வாளர் லிப்பிங் மா. 1999இல் வந்த அவர் நூலின்படி, சீன ஆசிரியர்கள் 72 பேரில் 65 பேர் சரியாகச் சொன்னார்கள். அமெரிக்க ஆசிரியர்கள் 23 பேரில் ஒரே ஒருவர்! அரையால் வகுப்பதையும் பாதியாக்குவதையும் பலர் குழப்பிக்கொண்டார்கள்.

கத்தரிக்கோலும் துணியும் வகுப்பறைக்குள் வந்தால் என்ன?

உங்க வீட்டுப் பிள்ளையிடம் 5 மீட்டர் கணக்கைக் கேட்டுப் பாருங்களேன். மிச்சம் எவ்வளவுன்னு சொல்றாங்க?