4000-ல் ஒரு பள்ளம்

குமாரபாளையத்தில் தறி ஓட்டியவர்களை டீக்கடையில் வைத்துச் சற்று நேரம் கவனித்தால் போதும், யார் அதிக காலம் தறிக் குடோனில் கிடந்தவர் என்று சொல்லிவிடலாம். அவர் எதிராளியின் உதட்டைப் பார்ப்பார். பக்கத்தில் இருப்பவரிடமும் சத்தம் போட்டே பேசுவார். "என்னங்க?" என்று கேட்டுக் கேட்டு அலுத்து, எதற்கும் பொருந்துகிற மாதிரி ஒரு தலையாட்டலைக் கற்று வைத்திருப்பார். கணக்கெழுதப் போய், பிறகு சொந்தமாக நாலு தறி வைத்தவன் நான். அந்தத் தலையாட்டல் எனக்கும் நன்றாகவே வரும்.

நாடாத் தறிகள் நாலைந்து சேர்ந்து ஓடினால் சத்தம் 90 டெசிபலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் போட்ட கோடே அந்த 90தான். மூன்று டெசிபல் ஏறினால் காதில் விழும் ஒலி ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். எங்கள் பக்கம் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். பஞ்சுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பதால் ஆளுக்கொரு உருண்டையைக் காதில் வைத்துக்கொண்டு ஓட்டினோம். அந்த இரைச்சலில் வெறும் பஞ்சு பேருக்குத்தான். சுருட்டிச் செருகினால் உள்ளே விரிந்து அடைத்துக்கொள்ளும் இயர்பிளக் சில ரூபாய்தான். அதை எந்தக் குடோனிலும் நான் பார்த்ததில்லை. இரைச்சலால் காது போவது தொழில்நோய் என்று இ.எஸ்.ஐ. சட்டப் பட்டியலிலேயே இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் ஓடு போட்டு ஆறு தறி ஓட்டுகிறவனுக்கு ஏது இ.எஸ்.ஐ.?

காதைச் சோதிக்கப் போனபோது ஈரோட்டில் சத்தம் புகாத சின்ன அறையில் உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். மெல்லிய 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும். முடிந்ததும் ஆடியாலஜிஸ்ட் அம்மா வரைபடத்தைப் பார்த்தபடியே, "தறிங்களா, ஸ்பின்னிங் மில்லுங்களா?" என்றார். நான் தொழிலைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

அந்தக் கட்டக் காகிதத்துக்கு ஆடியோகிராம் என்று பெயர். இடது ஓரம் 250 ஹெர்ட்ஸ், அதாவது கட்டைக் குரல். வலது ஓரம் 8000, கீச்சுக் குரல். என் கோடு இடப்பக்கம் ஒழுங்காகப் போய், 4000-க்கு வந்ததும் பள்ளத்தில் விழுந்து, 8000-ல் கொஞ்சம் ஏறியிருந்தது. இரைச்சலில் வேலை செய்தவர்களின் காது பெரும்பாலும் இப்படித்தான் கோடு போடுமாம். வயதால் வரும் குறைவு வேறு மாதிரி, வலப்பக்கம் போகப்போகச் சரிந்துகொண்டே இருக்கும். வயதும் சேர்ந்தால் பள்ளமும் சரிவும் ஒன்றாகிவிடும். உட்செவியில் ஒலியை வாங்கும் மயிர்ச்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000தான். செத்தது மறுபடி முளைக்காது.

எங்களைப் போன்றவர்களுக்குச் சத்தம் கேட்கும், பேச்சுதான் புரியாது. பேச்சின் கனமெல்லாம் உயிரொலிகளில், கட்டைப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே என் காது நல்ல காது. ச, த, ட, ப என்று சொல்லைச் சொல்லிலிருந்து பிரிக்கும் கூர்மையெல்லாம் பள்ளத்துப் பக்கம். பேத்தி "அப்புச்சி, காசு குடுங்க" என்றால் காதைக் கேட்கிறாளா காசைக் கேட்கிறாளா என்று முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் உடனே கத்துவார்கள். கத்தினால் உயிரொலிதான் பெருகும், முகமும் கோணிப்போய் உதடு படிக்க முடியாமல் போகும். போதாததற்கு, கெட்ட காது மெல்லியதை விட்டுவிட்டு, பெரிய சத்தத்தை மட்டும் முழுசாக வாங்கிக்கொள்ளும். சாதாரணமாகச் சொன்னது விழாது, கத்தினால் குத்தும். பக்கத்தில் வந்து, முகம் பார்த்து, கொஞ்சம் நிறுத்திச் சொன்னால் போதும். இதை வீட்டாருக்குப் பழக்குவதுதான் எந்தக் காது மிஷினையும்விடக் கஷ்டம்.

சில நூறு ரூபாய்க்கு விற்கிற பெருக்கிகள் இதனால்தான் உதவாது என்கிறேன். அவை எல்லாவற்றையும் ஏற்றிவிடும், மிக்ஸியையும் சேர்த்து. நல்ல காதுக் கருவி பள்ளம் இருக்கிற இடத்தில் மட்டும் மண் போடும். மெல்லிய ஒலியை அதிகம் தூக்கி, பெரிய ஒலியைக் கொஞ்சமாகத் தூக்கும். கடைக்காரர்கள் 'எட்டு சேனல், பதினாறு சேனல்' என்று ஆரம்பிப்பார்கள். நூல் நம்பர் நூறு என்பதற்காக வேட்டி நன்றாக இருந்துவிடாது, நெசவைப் பார்க்க வேண்டும். இங்கே நெசவு என்பது அதை உங்கள் காதுக்கு அமைத்துக் கொடுப்பது. மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, செவிப்பறைக்கு அருகே உண்மையில் எவ்வளவு ஒலி போகிறது என்று அளந்து பார்க்கிற இடங்கள் உண்டு. அளப்பார்களா, பிறகு திரும்பத் திரும்பப் போனால் முகம் சுளிக்காமல் திருத்திக் கொடுப்பார்களா, வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்க விடுவார்களா என்று கேட்டுவிட்டுத்தான் விலைக்கு வர வேண்டும். விலை சில ஆயிரத்தில் தொடங்கி லட்சங்களில் போகிறது. முடியாதவர்கள் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரிக்கலாம்.

காதுக்குள் ஒளிந்துகொள்ளும் குட்டி மாடலைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதன் பேட்டரி உளுந்தைவிடக் கொஞ்சம் பெரிது. நூல் முடிச்சுப் போட்டுத் தேய்ந்த விரலுக்கு அது அகப்படாது. எனக்குக் காதுக்குப் பின்னால் மாட்டுவதே சரி என்றார் அந்த அம்மா. கட்டைக் குரல் தானாகவே உள்ளே போகட்டும் என்று துளையுள்ள ரப்பர் முனை போட்டார். முழுக்க அடைத்தால் நம் குரலே பானைக்குள்ளிருந்து வருவதுபோல் இருக்கும். இரண்டு காதிலும் குறை என்றால் இரண்டுக்கும் வாங்க வேண்டும். சத்தம் எந்தத் திசை என்று தெரிவதே இரண்டு காதும் சேர்ந்து செய்கிற வேலை.

மாட்டிய புதிதில் செருப்புச் சத்தம், பேப்பர் மடிக்கிற சத்தம், ஃபேன் எல்லாம் வந்து மோதின. மூளை மறந்துபோன சத்தங்கள் அவை. பழக வாரங்கள் பிடிக்கும், சிலருக்கு மாதங்கள். கல்யாண மண்டபத்தில் இன்றும் எனக்குப் பாதிதான் புரிகிறது. தூரம் இரட்டித்தால் பேச்சு 6 டெசிபல் குறைந்துவிடும், செண்டை மேளமோ அப்படியே இருக்கும். இரைச்சல் முதுகுப் பக்கம் இருக்கிறமாதிரி நாற்காலியைத் திருப்பிக்கொள்கிறேன். கருவியின் மைக் முன்பக்கத்தைத்தான் கூடுதலாக எடுக்கும்.

என்னோடு தறி ஓட்டிய நண்பர் ஒருவர், "உங்க மிஷினை ஒரு நாளைக்குக் குடுங்க, போட்டுப் பாக்கறன்" என்றார். அது என் பள்ளத்துக்கு அளந்தது, அவருக்கு ஆகாது என்று இ.என்.டி. டாக்டரிடம் அனுப்பினேன். இரண்டு காதிலிருந்தும் குறும்பி எடுத்தார்கள். பாதி கேட்டது. மீதிக்குச் சோதித்ததில் அவருக்கும் அதே 4000. பரீட்சார்த்தமாக இரண்டு வாரத்துக்கு ஒரு ஜோடி கொடுத்திருக்கிறார்கள். நேற்றுப் பார்த்தேன், காதில் காணோம். எங்கே என்றேன்.

"பெட்டியிலதாங்க பத்திரமா இருக்குது. புதுசு பாருங்க, போட்டா அழுக்காயிரும்."