கேமரன் மலையில் ஓர் இரவும் ஒரு பச்சைக் கம்பளமும்



சென்ற பள்ளி விடுமுறையில் என் கணவரின் அண்ணன் மகளுக்குப் பட்டர்வொர்த்தில் திருமணம் நடந்தது. சிரம்பானிலிருந்து ஒரே மூச்சில் மகிழுந்தை ஓட்டிச் செல்லலாம்தான். ஆனால், எழுபத்து நான்கு வயதான என் தாயாரும் உடன் வந்ததால் வழியில் ஓர் இரவு தங்கிச் செல்வோம் என்று முடிவு செய்தோம். “தங்குவதுதான் தங்குகிறோம், கேமரன் மலையில் தங்குவோமே!” என்றார் என் கணவர். ஐந்தாம் ஆண்டில் பயிலும் என் மகள் துள்ளிக் குதித்தாள். அவளுக்கு ‘நான் சென்ற சுற்றுலா’ என்னும் கட்டுரை விடுமுறை வேலையாகக் கொடுக்கப்பட்டிருந்தது.

கேமரன் மலை பகாங் மாநிலத்தைச் சேர்ந்தது. ஆயினும் நம்மில் பலரும் பேராக் மாநிலத்தின் வழியாகவே அங்கு ஏறுகிறோம். ஒன்று தாப்பாவிலிருந்து செல்லும் பழைய சாலை; மற்றொன்று சிம்பாங் பூலாயிலிருந்து செல்லும் புதிய சாலை. பழைய சாலையில் ஏறிப் புதிய சாலையில் இறங்குவது எங்கள் திட்டம். தெற்கிலிருந்து பினாங்கு நோக்கிச் செல்வோருக்கு இது வசதியானது. வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா ஏறத்தாழ 60 கிலோமீட்டர். தூரம் குறைவுதான், வளைவுகளோ எண்ணில் அடங்கா. குழந்தைகளை அழைத்துச் செல்வோர் கையோடு புளிப்பு மிட்டாயும் நெகிழிப் பைகளும் வைத்துக்கொள்வது நலம். எங்களுக்கு இரண்டுமே பயன்பட்டன! வழியில் லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சி சாலையை ஒட்டியே பாறைகளின்மீது சரிந்து விழுகிறது. அங்கே கால் நனைத்துக்கொண்டோம். அதற்கு மேலே செமாய் பழங்குடியினர் சாலையோரக் குடில்களில் பெத்தாயும் மூங்கில் குருத்தும் விற்றுக்கொண்டிருந்தனர். அம்மா இரண்டு கட்டு பெத்தாய் வாங்கிக்கொண்டார். திருமண வீட்டுக்குப் பெத்தாயா என்று நாங்கள் சிரித்தோம், அவர் பொருட்படுத்தவில்லை.

ரிங்லெட்டைக் கடந்ததும் ஓர் ஏரி தென்படும். அது இயற்கை ஏரி அன்று. மின்சாரம் எடுப்பதற்காக 1960களில் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம். நீர் தேநீரின் நிறத்தில் இருந்தது. காய்கறித் தோட்டங்களுக்காகவும் கட்டடங்களுக்காகவும் மலைச்சரிவுகளை வெட்ட வெட்ட, மண் கரைந்து இங்கே வந்து சேர்கிறது. 2013 அக்டோபரில் அணை நிரம்பி நீர் திறந்துவிடப்பட்டபோது கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்ப்பலியும் ஏற்பட்டது. மலையின் அழகைக் காணச் செல்வோர் இந்த ஏரியின் நிறத்தையும் சற்று நின்று பார்க்க வேண்டும்.

மாலையில் தானா ராத்தாவை அடைந்தோம். கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலான உயரம். மகிழுந்தின் கதவைத் திறந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. 1885ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இந்த மேட்டுநிலத்தைப் பற்றி எழுதினார். அவருடைய பெயரே மலைக்கு நிலைத்தது. தாய்லாந்துப் பட்டு வணிகத்தில் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் 1967 மார்ச்சு 26ஆம் நாள் இங்குள்ள மாளிகை ஒன்றிலிருந்து வெளியே சென்றவர் திரும்பவே இல்லை. இக்கதையைக் கேட்ட என் மகள் அன்றிரவு தங்கும் விடுதியின் சன்னலைத் திறக்கவே விடவில்லை.

இரவு உணவுக்குப்பின் அவள் கட்டுரைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாளைதான் தேயிலைத் தோட்டத்தைப் பார்க்கப் போகிறோம். அவளோ அதைப் பற்றி எழுதியே விட்டாள்! “மலையெங்கும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போல் தேயிலைச் செடிகள் காட்சியளித்தன. என் கண்களுக்கு அது விருந்தாக அமைந்தது.”

“பார்க்காமலேயே எப்படி எழுதினாய்?” என்று கேட்டேன்.

“நீங்கள்தானே அம்மா சொல்லிக் கொடுத்தீர்கள்!” என்றாள்.

உண்மைதான். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் கற்பிக்கும் தொடர் அது. யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்படும் வரையில் எத்தனையோ மாணவர்களுக்கு அதை மனனம் செய்ய வைத்திருக்கிறேன். வயலா, பச்சைக் கம்பளம். திடலா, பச்சைக் கம்பளம். தேயிலையா, கேட்கவே வேண்டாம்.

மறுநாள் காலை தானா ராத்தா கடைத்தெருவில் நம்மவர் உணவகம் ஒன்றில் பசியாறச் சென்றோம். பக்கத்து மேசையில் கம்பளிச் சட்டை அணிந்த மூதாட்டி ஒருவர் பேரனோடு அமர்ந்திருந்தார். இரண்டு வாய் தோசை உள்ளே போவதற்குள் என் அம்மா பேச்சைத் தொடங்கிவிட்டார். நம் நாட்டில் அந்தத் தலைமுறையினர் இருவர் சந்தித்தால் முதல் கேள்வி என்னவாக இருக்கும் என்பது உங்களுக்கும் தெரியும்.

“அக்கா, எந்தத் தோட்டம் நீங்க?”

அவர் ஒரு தேயிலைத் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். பதினாறு வயதில் கொழுந்து பறிக்கத் தொடங்கியவராம். அம்மா தம் பங்குக்கு, பகாவ் பக்கம் பால்மரம் வெட்டிய கதையைச் சொன்னார். அதன்பின் எங்களை இருவரும் மறந்தே போயினர்.

“மழை பேஞ்சா எங்களுக்கு வேலை இல்லக்கா. மரம் நனைஞ்சா வெட்ட முடியாது. அன்னிக்குச் சம்பளமும் போச்சு,” என்றார் அம்மா.

“எங்களுக்கு மழையிலயும் வேலைதான். இடுப்புல ரப்பர் சீட்டைக் கட்டிக்கிட்டுப் போவோம். கொழுந்து ஈரமா இருக்குன்னு எடையில வேற கழிப்பாங்க.”

“கையெல்லாம் பால் நாத்தம். சோறு அள்ளுனாக்கூட அந்த நாத்தம்தான்.”

“எங்களுக்குக் கறை. கல்யாணத்துக்குப் போனா கையை முந்தானைக்குள்ள மறைச்சுக்குவேன்.”

இப்படிச் சொல்லி அந்த அம்மா தம் விரல்களை நீட்டிக் காட்டினார். வேலையை விட்டு ஆண்டுகள் பல ஆகிவிட்டதால் கறை எதுவும் இல்லை. இருந்தபோதிலும் என் அம்மா அந்த விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடைபெறும்போது அந்தப் பெத்தாய்க் கட்டுகளில் ஒன்று அவருக்குக் கைமாறியது.

பிரிஞ்சாங்கைக் கடந்து சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்றோம். பிரதான சாலையிலிருந்து பிரிந்து செல்லும் கிளைச்சாலை மிகவும் குறுகலானது. எதிரே வாகனம் வந்தால் ஒதுங்கி நின்றுதான் வழிவிட வேண்டும். காலையிலேயே சென்றுவிடுவது நல்லது. 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் என்பவர் தொடங்கிய போ நிறுவனத்தின் தோட்டம் இது. காட்டை அழித்துச் செங்குத்தான சரிவுகளில் தேயிலை நட்ட அக்காலத்தில், தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து ஆள் சேர்த்து அனுப்பும் வழக்கம் இருந்தது. 1938இல் இந்திய அரசு அதற்குத் தடை விதித்தது. அதற்குள் வந்து சேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே பின்னர் இம்மலைகளில் கொழுந்து பறித்தனர். இன்று அவ்வேலையைப் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்களே செய்கின்றனர்.

தொழிற்சாலையைச் சுற்றிப் பார்த்தோம். கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட வைத்து நிறம் மாறச் செய்து, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கின்றனர். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் கிடைக்கும். தேயிலைச் செடியை வெட்டாமல் விட்டால் மரமாக வளர்ந்துவிடும் என்பதைக் கேட்டு என் மகள் வியந்தாள். மனிதனின் கைதான் அதை இடுப்பளவு உயரத்தில் நிறுத்தி வைத்திருக்கிறது.

அங்குள்ள தேநீரகம் பள்ளத்தாக்கின்மீது நீட்டிக் கட்டப்பட்டுள்ளது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை. பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது. அழகு, அழகு, அப்படியோர் அழகு! “பாட்டி, பச்சைக் கம்பளம் மாதிரி இருக்குதானே?” என்றாள் மகள்.

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் கீழே பார்த்தார்.

“கம்பளத்துக்கு ஏதும்மா ஒத்தையடிப் பாதை? நல்லா பாரு. செடிக்கு நடுவுல கோடு கோடா தெரியுது பாரு. அதெல்லாம் ஆளுங்க நடக்குற வழி.”

நாங்கள் பார்த்தோம். அதுவரை என் கண்ணில் படாத பாதைகள் அப்போதுதான் தெரிந்தன. சரிவு முழுவதும் நூற்றுக்கணக்கான மெல்லிய கோடுகள். தொலைவில் ஒரு கோட்டில் மூவர் நின்றிருந்தனர். பை பொருத்திய பெரிய கத்தரியால் கொழுந்தை வெட்டிக்கொண்டிருந்தனர். “அந்தப் பையனுக்குக் காலணி பெரிசா இருக்கு, வழுக்கும்,” என்றார் அம்மா. அவ்வளவு தூரத்திலிருந்து அவருக்கு எப்படித் தெரிந்தது என்பது எனக்கு விளங்கவில்லை. நாற்பது காசுக்கும் ஐம்பது காசுக்கும் கணக்குப் பார்த்து எங்களை வளர்த்தவர், அன்று தேநீரின் விலையைக்கூடக் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் என் நினைவு வேறோர் இடத்திற்குச் சென்றது. பயிற்சி முடித்து நான் முதன்முதலாகப் பணியாற்றியது ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளி. ‘தோட்டத்தில் ஒரு காலைப் பொழுது’ என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தான்: “அம்மா விடியும் முன்னே போய்விடுவார். திரும்பி வந்து என் கன்னத்தைத் தொட்டால் பால் நாற்றம் அடிக்கும். எனக்கு அது பிடிக்கும்.” நான் சிவப்பு மையால் அதை அடித்துவிட்டேன். ‘நாற்றம்’ என்னும் சொல் கட்டுரைக்கு அழகன்று என்று எண்ணினேன். மேலே, “கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான். எங்கும் பசுமை கொஞ்சியது” என்று எழுதிக் கொடுத்தேன். அவன் அதை மனப்பாடம் செய்தான். அதன்பின் அவனுடைய எந்தக் கட்டுரையிலும் அவன் அம்மா வரவில்லை. கதிரவன் மட்டும் தவறாமல் வந்தான். தேர்வில் நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். நான் பெருமைப்பட்டேன்.

இதில் எனக்குப் பெரிதும் உறுத்துவது ஒன்றுண்டு. நானும் பால்மரம் வெட்டியவரின் மகள். அந்த நாற்றம் எனக்கும் தெரியும். எனக்கும் அது பிடித்திருந்தது. தெரிந்தும் அடித்தேன். சிரம்பானில் வீடு வாங்கி, மகிழுந்து வாங்கி, தோட்டத்தைச் சன்னல் வழியாகப் பார்க்கும் தூரத்திற்கு வந்துவிட்ட பிறகு, அந்தச் சிறுவனையும் அங்கிருந்தே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

உவமைத்தொடர்களைக் கற்பிக்கக்கூடாது என்று நான் கூறவில்லை. அவை நம் மொழியின் செல்வங்கள், பாடத்திட்டத்திலும் இடம்பெற்றுள்ளன. ஆனால் கண்ணுக்கு முன்னே அவற்றை நிறுத்திவிட்டால் பிள்ளைகள் வேறு எதனையும் பார்க்க மாட்டார்கள் என்பதை அன்று உணர்ந்தேன்.

மதியத்திற்குமேல் புறப்பட்டோம். கீ ஃபார்ம் சந்தையருகே வாகன நெரிசல். விடுமுறைக் காலத்தில் செல்வோர் கூடுதலாக ஒரு மணி நேரத்தை ஒதுக்கிக்கொள்ளுங்கள். சோளம், சர்க்கரைவள்ளிக்கிழங்கு, ஸ்ட்ராபெரி எல்லாம் வாங்கினோம். கம்போங் ராஜா வரையில் சரிவுகளில் தேயிலைக்குப் பதிலாகக் காய்கறித் தோட்டங்களின் வெண்ணிற நெகிழிக் கூரைகளே மிகுந்திருந்தன. சிம்பாங் பூலாய்ச் சாலை அகலமானது; புளிப்பு மிட்டாய்க்கு வேலையில்லை.

அம்மா பின்னிருக்கையில் உறங்கிவிட்டார். மகள் கட்டுரைப் புத்தகத்தைத் திறந்து, முந்தைய இரவு எழுதியதை அழித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். “தேயிலைத் தோட்டத்தில் நிறைய கோடுகள் இருந்தன. என் பாட்டிதான் அவற்றை முதலில் பார்த்தார்” என்று எழுதியிருந்தாள். அடுத்து என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டாள். “பாட்டி எழுந்ததும் அவரிடம் கேள்” என்றேன்.

பள்ளி திறந்ததும் என் மாணவர்களுக்கு ஒரு புதிய வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறேன். கட்டுரை எழுதும் முன், தாங்களே கண்டது, கேட்டது, முகர்ந்தது என மூன்றினை முதலில் எழுத வேண்டும். உவமையெல்லாம் அதற்குப் பிறகுதான். முதல் வாரத்தில் பாதிப்பேர் வெற்றுத்தாளை நீட்டினர். இரண்டாம் வாரத்தில் ஒரு மாணவி, “அப்பா லாரியிலிருந்து இறங்கினால் டீசல் நாற்றம்” என்று எழுதி, “ஆசிரியை, இதை எழுதலாமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

எழுதலாம் என்றேன். சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

கேமரன் மலைக்குச் செல்லும் அன்பர்களே, தேநீரகத்தின் விளிம்பில் நின்று படம் எடுக்கும்போது கீழேயுள்ள கோடுகளையும் ஒருமுறை பாருங்கள். உங்கள் வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால் அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.