கேட்டபின் மறுப்போம்!

"இதுவும் ஓர் இசையா?"

ஆர்னெட் கோல்மனின் 'பிரீ ஜாஸ்' இசைத்தட்டை முதன்முறை கேட்டபோது நம் நாவில் எழுந்த கேள்வி இதுதான். எழுந்த மறுகணமே நாணினோம். வழக்கத்தை மீறியவனைப் பார்த்து வைதிகம் காலமெல்லாம் கேட்டுவரும் கேள்வியன்றோ இது! வகுப்பறையில் 'ஏன் என்று கேள்' எனக் கற்பிக்கும் நாம், நம் செவியின் பழக்கத்தை மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. மீண்டும் தட்டைச் சுழலவிட்டோம்.

1960 டிசம்பர் 21, நியூயார்க் நகரம். எட்டுக் கலைஞர்கள், இரண்டு அணிகள். ஓரணியின் ஒலி இடப்பக்கம்; மற்றதன் ஒலி வலப்பக்கம். ஏறத்தாழ 37 நிமிடம். இன்ன சுரத்தின்பின் இன்ன சுரம் என்று முன்கூட்டி விதித்த பாதை இல்லை. ஒருவர் முன்னின்று இசைக்கிறார். மற்றவர் குறுக்கிடுகிறார், உடன்படுகிறார், மறுக்கிறார். குழப்பமா? அன்று! எல்லோரும் கூடி முழங்கும் சிறு பகுதிகள் இடையிடையே வந்து, அடுத்தவர்க்கு வாய்ப்பளிக்கின்றன. அடக்குவோர் இல்லை, ஆயினும் செவிசாய்ப்போர் உண்டு.

யார் இந்தக் கோல்மன்? டெக்சாஸ் மாநிலத்துப் போர்ட் வொர்த் நகரில் 1930இல் பிறந்த கறுப்பர். சாக்சபோனைத் தாமே முயன்று பயின்றவர். லாஸ் ஏஞ்சல்சில் லிப்ட் இயக்கிப் பிழைத்தவர். உலோகக் கருவி வாங்க வழியின்றிப் பிளாஸ்டிக் சாக்சபோனை ஏந்தியவர். வாசிக்கத் தெரியாதவர் என்று எள்ளினர், கற்றோர்!

அந்த எண்மரில் அறுவர் கறுப்பர். பாஸ் வாசித்த லாபேரோ, ஹேடன் இருவரும் வெள்ளையர். அதே 1960 பிப்ரவரியில்தான், கிரீன்ஸ்பரோ நகரில் வெள்ளையர்க்கென ஒதுக்கிய உணவு மேசையில் அமர்ந்த நான்கு கறுப்பின மாணவர்க்கு உணவு மறுக்கப்பட்டது. அங்கே ஒரு கோப்பைக் காப்பிக்கும் நிறம் பார்த்தனர். இங்கே நிறம் பாராது ஒருவர் குரலுக்கு ஒருவர் விடை தந்தனர்!

1962இல் 'டவுன் பீட்' இதழ் இத்தட்டை இரு விமர்சகரிடம் தந்தது. ஒருவர் ஐந்து நட்சத்திரம் அளித்தார். மற்றவர் ஒன்றுகூட அளிக்கவில்லை. பின்னர் 2007இல், வேறோர் இசைத்தொகுப்புக்காகக் கோல்மனுக்குப் புலிட்சர் பரிசே கிட்டியது. 2015இல் அவர் மறைந்தார்.

பரிசு வந்ததால் போற்றவேண்டும் என்போமா? அதுவும் குருட்டு வழிபாடே! உண்மையைச் சொன்னால், இத்தட்டின் சில இடங்கள் இன்னும் நமக்கு இனிக்கவில்லை. ஆனால் அந்தத் தீர்ப்பு இன்று நம்முடையது. பழக்கம் நமக்கு இரவல் தந்ததன்று.

தோழர்களே! மறுப்பது உங்கள் உரிமை. கேட்பது அதற்கு முந்திய கடமை.