தூக்கினால் ஒலிக்க வேண்டும்



தீவின் பின்புறம் என்பதே பாலிக் புலாவ் என்னும் பெயரின் பொருள். ஜோர்ஜ் டவுனுக்கும் எங்களுக்கும் இடையே மலை நிற்கிறது. டுரியானுக்கும் ஜாதிக்காய்க்கும் ஏற்ற மலை. கைப்பேசி அலைகளுக்கோ பெருந்தடை.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் வகுப்பறை என் வீட்டு உணவு மேசைக்கு வந்தது. சிம் அட்டையில் இயங்கும் கம்பியில்லா இணையக் கருவி ஒன்றை வாங்கினேன். அதன் பின்புறம் தொலைபேசியைச் செருகவும் இடமிருந்தது. இரண்டு கட்டணம் எதற்கென்று பழைய கம்பித் தொலைபேசியைத் துண்டித்துவிட்டேன். சிக்கனக்காரன் என்ற நினைப்பு!

முதலில் கருவியைத் தொலைக்காட்சிக்குப் பின்னால் வைத்தேன். திருக்குறள் ஒப்புவித்த மாணவியின் குரல் சீர் சீராக அன்று, எழுத்தெழுத்தாக வந்தது. கருவியின் அமைப்புப் பக்கத்தில் அலைவலிமை -114 என்றிருந்தது. இது எதிர்ம எண். சுழியை நெருங்க நெருங்க நல்லது. மாடிச் சன்னலோரம், கோபுரம் இருக்கும் திசை நோக்கி வைத்ததும் -97 ஆயிற்று. புதுக்கருவி வாங்கத் துடிக்கும் பெற்றோரே, முதலில் இருப்பதை இடம் மாற்றிப் பாருங்கள்.

இணையம் வந்தும் தொலைபேசி பேசவில்லை. நான்காம் தலைமுறை அலைவரிசையிலேயே குரலை அனுப்பும் வசதியைச் சிம் அட்டையில் திறந்துவிட வேண்டுமாம். முகப்பில் இருந்தவருக்கே அது மூன்றாம் முறை சென்றபோதுதான் விளங்கியது. பழைய கருவியை மலிவாக வாங்குவோர் இதைக் கேட்டறிக. நம் நாட்டில் மூன்றாம் தலைமுறைச் சேவை 2021 இறுதியோடு முடிந்துவிட்டது. அதை நம்பி அழைத்த கருவிகள் ஊமையாயின.

பள்ளிகள் மீண்டும் திறந்தபின் ஒரு மாலை, இடியோடு பெருமழை. நான் மலைக்கு அப்பால், பள்ளியில் இருந்தேன். மின்சாரம் நின்ற இருட்டில் அம்மா குளியலறை வாயிலில் வழுக்கி விழுந்தார். ஊர்ந்து வந்து தொலைபேசியை எடுத்தால் ஓசையே இல்லை. பக்கத்து வீட்டு மக்சிக் குரல் கேட்டு ஓடிவந்திராவிட்டால்... அதற்குமேல் எழுத மனம் வரவில்லை.

பழைய செப்புக்கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் கம்பி வழியாக வரும். வீடு இருண்டாலும் அது பேசும். இக்கருவியோ வீட்டு மின்சாரத்தை நம்பி வாழ்வது. இதை அறியாமல், முதிய தாயின் ஒரே துணையை நான் அறுத்திருக்கிறேன். ஆசிரியன் வேறு!

மறுநாளே 12 வோல்ட் மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கி இணைத்தேன். மூன்று மணி நேரம் தாங்குகிறது. கோபுரமே அணைந்துவிட்டால் இதுவும் வீண்தான். ஒவ்வொரு மாதமும் மின்செருகியைப் பிடுங்கிவிட்டு என் கைப்பேசிக்கு அழைத்துச் சோதிக்கிறேன். சோதனைக்கு 999-ஐ அழைக்கலாகாது.

அம்மாவுக்கு இந்த விளக்கமெல்லாம் சலிப்பு. "கம்பியோ காத்தோ, தூக்கினா 'ங்'னு கேக்கணும்பா" என்கிறார். படுக்கப்போகுமுன் ஒருமுறை தூக்கிக் கேட்டுவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறார்.