கோமுகிக் கரையில் ஓர் ஊர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் தரிசிக்க வேண்டிய தலங்களை அன்பர்கள் நன்கறிவர். திருக்கோவலூரில் உலகளந்த பெருமாளும் வீரட்டேசுவரரும் எழுந்தருளியிருக்கின்றனர். ரிஷிவந்தியத்தில் அர்த்தநாரீசுவரரும், ஆதிதிருவரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாளும் அருள்பாலிக்கின்றனர். இத்தலங்களைச் சேவிக்க வருவோர் கச்சிராயபாளையம் வரை வருவது அரிது. பாடல் பெற்ற தலம் என்றோ, மங்களாசாசனம் பெற்ற தலம் என்றோ இவ்வூரைச் சொல்வதற்கில்லை. கல்வராயன் மலைக்குச் சுற்றுலாச் செல்வோர் வண்டியை நிறுத்தித் தேநீர் அருந்திவிட்டு மலையேறிவிடுவர். இவ்வூரில் பல்லாண்டுகளாகக் குடியிருப்பவன் நான். தலபுராணம் எழுத இங்கு இடமில்லை. கோயிலைப் பற்றிக்கொண்டு வாழும் ஒரு முதியவனுக்கு இத்தகைய ஊரில் நாள் எவ்வாறு கழிகிறது என்பதையே எழுதுகிறேன்.

ஊரின் பெயரிலேயே ஒரு பழமை உண்டு. கச்சி என்பது காஞ்சியின் பழம்பெயர். கச்சிராயர் என்பது இப்பகுதிச் சிற்றரசர்களும் பாளையக்காரர்களும் தரித்த பட்டம். மேலே மலையில் வாழும் மலையாளி இனத்தவரும் தம் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தவர்களே என்று வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். கரியராமன் என்னும் பெருமாளைத் தம் குலதெய்வமாகக் கொண்டாடுகின்றனர். மலைமேல் ஒரு காஞ்சி நினைவும், அடிவாரத்து ஊரின் பெயரில் ஒரு கச்சியும் இருப்பதை எண்ணும்போதெல்லாம் எனக்கு மனம் நிறையும். இரண்டுக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆராய்ச்சியாளர் சொல்லட்டும்.

பெயரினும் என்னை மிகுதியாக ஈர்த்தது ஆறு. கருவறையில் இறைவனுக்கு அபிஷேகமாகும் நீர் வடபுறத்தில் எதன் வழியே வெளியேறுகிறதோ, அதற்குக் கோமுகி என்று பெயர். சண்டிகேசுவரர் சந்நிதிக்கு அருகில் நின்று அந்தத் தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்ளாத சிவபக்தர் உண்டோ? கல்வராயன் மலையிலிருந்து இறங்கி எங்கள் ஊர்ப்பக்கம் வரும் ஆற்றுக்கும் அதே பெயர்தான். யார் வைத்தார்களோ, மலையையே கருவறையாகக் கண்டவராக இருக்க வேண்டும். சுமார் இரண்டாயிரம் அடியிலிருந்து மூவாயிரம் அடி வரை உயர்ந்த அம்மலையில் பெய்யும் மழைதான் அபிஷேகம். 1960களில் இவ்வாற்றின் குறுக்கே அணை கட்டினர். அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 46 அடி. ஐப்பசி வாக்கில் சம்பா சாகுபடிக்கு நீர் திறந்துவிட்டால் வயல்களெல்லாம் நிறையும். ஆறு பின்னர் வெள்ளாற்று நீரோடு கலந்து பரங்கிப்பேட்டைக் கடலை அடைகிறது. ஆடிப் பதினெட்டன்று சுமங்கலிகள் மஞ்சளும் காதோலை கருகமணியும் கொண்டு ஆற்றுக்குப் போவார்கள். நீர் இல்லாத ஆண்டில் ஒரு குடம் தண்ணீரை மணலில் ஊற்றி வணங்கித் திரும்பியதையும் கண்டிருக்கிறேன்.

முன்பு இது முழுதும் விவசாயிகளின் ஊர். நெல்லும் கரும்பும் மரவள்ளியும் இன்றும் விளைகின்றன. கள்ளக்குறிச்சி இரண்டாவது கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்குதான் இருக்கிறது. அரவைப் பருவத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் இரவெல்லாம் சாலையில் ஊர்ந்து செல்லும். அமைதியான ஊர் என்று நம்பி அந்த மாதங்களில் வந்து தங்குவோருக்கு உறக்கம் பிடிக்காது. ஆனால் விவசாயிகளின் பிள்ளைகளில் பலர் இன்று மாதச் சம்பளக்காரர்கள். தென்னார்க்காடு மாவட்டமாக இருந்த காலத்தில் அரசு அலுவலுக்குக் கடலூர் போக வேண்டும். 1993க்குப் பிறகு விழுப்புரம் போனோம். 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சியே மாவட்டத் தலைநகர். 2022 ஜனவரியில் அங்கு அரசு மருத்துவக் கல்லூரியும் திறக்கப்பட்டது. அலுவலகங்கள் பெருகின, வேலைகளும் பெருகின. அங்கு வீட்டு வாடகை ஏறியதால், அரைமணிப் பேருந்துப் பயணத்தில் உள்ள எங்கள் ஊரில் குடியிருந்துகொண்டு நாள்தோறும் போய்வருவதே மேல் என்று பல குடும்பங்கள் தங்கிவிட்டன. புதுமனைகளும் தோன்றியுள்ளன. கரும்பு நின்ற இடத்தில் இன்று நீலமும் இளஞ்சிவப்புமாக வீடுகள் நிற்கின்றன. அந்த வண்ணங்கள் எனக்கு உவப்பில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

காலை ஏழரை மணி முதல் ஒன்பது மணி வரையில் பேருந்து நிறுத்தத்தில் நிற்க இடமிராது. சாப்பாட்டுப் பையும் நெற்றியில் விபூதிக் கீற்றுமாக இளைஞர்கள் நிற்பார்கள். பெண்கள் பூ வாங்கிச் சூடியபடியே ஏறுவார்கள். பள்ளிப் பிள்ளைகளின் வேன்கள் போன பின்பு ஊர் திடீரென்று அடங்கிவிடும். அதன்பின் தெருவில் கேட்பது மிக்ஸியின் ஓசையும் காகத்தின் குரலுமே. மாலை ஐந்து மணி வரையில் இது முதியோர் ஊர்.

முதியோரின் பகலைத் தாங்குவது கோயில்தான். எங்கள் தெருக்கோடியில் ஒரு சிறிய சிவன் கோயில் இருக்கிறது. அதற்கு நிலமோ பெருவருமானமோ கிடையாது. குருக்கள் அயலூரில் குடியிருந்து இருசக்கர வாகனத்தில் வந்து மூன்று கோயில்களைக் கவனிக்கிறார். இத்தகைய சிறு கோயில்களுக்காகவே அறநிலையத்துறை ஒருகால பூஜைத் திட்டத்தை நடத்துகிறது. 2021இல் ஒவ்வொரு கோயிலுக்குமான வைப்புநிதியை 1 லட்சம் ரூபாயிலிருந்து 2 லட்சமாக உயர்த்தி, அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் அறிவித்தனர். நல்ல செயல்தான். ஆனால் வட்டிப் பணம் எண்ணெய்க்கும் பூவுக்கும் ஆகுமேயன்றி, கோயிலில் வந்து நிற்கும் மனிதரைக் கொண்டுவராது. கதவு திறந்து, சந்நிதி பெருக்கி, கோலமிட்டு, குருக்கள் வரும்போது திரி போட்டு ஆயத்தமாக வைத்திருக்க எவரேனும் வேண்டும். அதை எங்கள் தெருவின் கிழங்கள் செய்கின்றன. கோலம் போடுவது எண்பதைக் கடந்த ஓர் ஆயா. குனிய முடியாததால் சிறு முக்காலியில் அமர்ந்து, அதை நகர்த்தி நகர்த்திப் போடுவார்.

இப்படியிருக்கையில் பிரதோஷ வழிபாட்டைப் பற்றி ஒரு பேச்சு எழுந்தது. பிரதோஷ காலம் மாலை நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை. வேலைக்குப் போகிறவர் அந்நேரம் அலுவலகத்தில் இருப்பார். பேருந்தில்கூட ஏறியிருக்க மாட்டார். சனிக்கிழமை வரும் பிரதோஷமும் ஞாயிற்றுக்கிழமைப் பிரதோஷமும் தவிர வேறெதற்கும் அவரால் வர இயலாது. ஆகவே அபிஷேகத்தை ஏழரை மணிக்கு வைத்துக்கொள்ளலாமே என்று பிள்ளைகள் கேட்டனர். முதியோருக்குக் கோபம் வந்தது. "சூரியன் அஸ்தமிக்கிறதை ஒத்திப்போட முடியுமா, தம்பி?" என்று ஒருவர் கேட்டார். அந்தத் தம்பியும் விடவில்லை: "மாமா, நாங்க இருந்தாத்தானே நாளைக்குக் கோயில் இருக்கும்?" இரண்டும் நியாயமே. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

தீர்வு சொன்னவர் குருக்கள்தான். "அபிஷேகம் காலத்துல நடக்கட்டும், ஐயா. நான் அடுத்த கோயிலுக்குப் போயிடுவேன். நீங்க நடையைச் சாத்தாம வெச்சிருங்க. தீபம் எரியட்டும். வர்றவங்க வந்து கும்பிட்டுப் போகட்டும்" என்றார். அன்று முதல் அதுவே வழக்கம். மாலையில் நாங்கள் சிலர் மட்டும் நின்று அபிஷேகம் காண்போம். சோமசூக்தப் பிரதட்சிணமும் செய்வோம். நந்தியிடம் தொடங்கிச் சண்டிகேசுவரர் வரை இடமாகச் சென்று, மீண்டு, பின் வலமாகக் கோமுகி வரை நடந்து, அதைக் கடவாமல் திரும்புவது அம்முறை. முழங்கால் வலியோடு இதைச் செய்வோருக்குத்தான் அதன் அருமை தெரியும். அதன்பின் விளக்கருகில் உட்கார்ந்திருப்போம். ஏழு மணிப் பேருந்தில் ஒரு கூட்டம், எட்டு மணிப் பேருந்தில் ஒரு கூட்டம் என்று பிள்ளைகள் வருவார்கள். காலணியைக் கழற்றும்போதே களைப்பு தெரியும். பாத்திரத்தில் எடுத்து வைத்த சுண்டலையும் அபிஷேகப் பாலையும் கொடுப்போம். சிலர் ஐந்து நிமிடம் கண்மூடி நிற்பார்கள். சிலர் தூணில் சாய்ந்து அலுவலகக் குறைகளைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். அதற்கும் கோயில் இடம் கொடுக்கிறது.

நடையைத் திறந்து காத்திருப்பதற்கு முறை வைத்திருக்கிறோம். தொடங்கியபோது ஒன்பது பேர் இருந்தோம். இருவர் சிவபதம் அடைந்தனர். ஒருவரைப் பிள்ளைகள் பெங்களூருக்கு அழைத்துச் சென்றுவிட்டனர். மற்றொருவருக்கு மாலையில் கண் தெரிவதில்லை. இப்போது ஐவர். சென்ற ஆண்டு முதல் கள்ளக்குறிச்சியில் பணிபுரியும் ஒரு பெண், ஞாயிற்றுக்கிழமை முறையைத் தான் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி வருகிறாள். வாரநாளுக்கு இன்னும் எவரும் வரவில்லை.

முதுமையில் இத்தகைய ஊரில் வாழ விரும்பும் அன்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இரவில் உடம்புக்கு ஏதேனும் என்றால் பெரிய மருத்துவமனைக்குக் கள்ளக்குறிச்சிதான் போக வேண்டும். பகலில் கூப்பிட்ட குரலுக்கு இளைஞர் எவரும் இருக்கமாட்டார். அண்டை வீட்டுச் சாவி ஒன்று நம்மிடமும், நம் வீட்டுச் சாவி அண்டை வீட்டிலும் இருப்பது நலம். இங்கு நாங்கள் அவ்வாறே வைத்திருக்கிறோம். காலையில் எட்டு மணிக்குள் வாசலில் கோலம் விழவில்லையென்றால் எதிர்வீட்டார் வந்து கதவைத் தட்டிவிடுவர்.

வர நினைப்போர் சென்னை, சேலம் மார்க்கத்தில் கள்ளக்குறிச்சியில் இறங்கி, அங்கிருந்து நகரப் பேருந்தில் வரலாம். ரயிலில் வருவோருக்குச் சின்னசேலம் நிலையம் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மலையில் முகில் படிந்திருப்பதையும் அணையில் நீர் நிறைந்திருப்பதையும் காணலாம். பிரதோஷ நாளில் வர இயன்றால் மாலை நான்கு மணிக்குள் வந்துவிடுங்கள். தாமதமானாலும் கவலையில்லை, எட்டு மணிப் பேருந்து வந்து போகும் வரை நடை திறந்திருக்கும்.